டீக்கு முன்னால் இறக்கிய விமானங்கள்

"இந்தத் தடவ ஜப்பான்காரன் பக்கத்த எனக்குக் குடுங்க சார்ஜன்" என்று நான் சொன்னதும், கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எங்கள் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை யாரும் கேட்டு வாங்கியதில்லை. காசு சுண்டி, தோற்றவன் தலையில் கட்டுவதுதான் வழக்கம். என் தாத்தாவின் அண்ணனைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். போனவர் போனவர்தான். அந்த வீட்டுப் பிள்ளை நானே வாய்விட்டுக் கேட்கிறேன் என்றால் எனக்குள் எவ்வளவு கறுவல் இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சார்ஜனின் வீடு ஜொகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயாவில். விமானப்படையில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், தனி ஆள். ஞாயிறு பிற்பகல்களில் நாங்கள் நாலைந்து பேர் அங்கே கூடி, பழைய போர்களை வரைபடத்தில் மறுபடி ஆடுவோம். வயசான காலத்தில் அட்டை விமானம் என்று என் மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும். போர்க்காலத்தில் ஒரு நாட்டு விமானப்படையை ஒரே ஒரு மாலைக்கு நடத்திப் பார்த்தால் தெரியும் அது என்ன பாடு என்று. விமானம் இருந்தால் விமானி இருக்கமாட்டான், விமானி இருந்தால் எஞ்சின் இருக்காது, மூன்றும் இருந்தால் மழை கொட்டும்.

ஆடுகிற இரண்டு தளபதிகளும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது. ஒருவர் ஹாலில், இன்னொருவர் பின்னறையில். ஆளுக்கொரு வரைபடம். சார்ஜன்தான் நடுவர். இரண்டு அறைக்கும் நடந்து, காதோடு கட்டளை வாங்கிக்கொண்டு, போரில் உங்களுக்கு எது தெரிந்திருக்குமோ அதை மட்டும் சொல்லுவார். பறக்கிற விமானத்தைச் சின்னக் கம்பியில் செருகி நிறுத்துவோம். இறங்கினால் கம்பியிலிருந்து உருவி ஓடுதளத்தில் படுக்க வைப்போம். படுத்தது பெட்ரோல் போட்டு, குண்டு ஏற்றி எழுந்திருக்க இரண்டு சுற்று ஆகும். அந்த இரண்டு சுற்றுக்குள் எதிரி தலைக்கு மேலே வந்துவிட்டால் கதை முடிந்தது.

இப்போது எனக்கு எதிரே ஆடியவனைச் சொல்ல வேண்டும். அவன் என் தங்கையின் புருஷனாக இருந்தவன். என்னை இந்தக் கூட்டத்துக்கு அழைத்துக்கொண்டு வந்ததே அவன்தான். அப்போது நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். அவன் இன்றைக்கும் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறான். நான் எதுவும் கூப்பிடுவதில்லை.

கல்யாணமாகிப் பல வருஷம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் தங்கை ஏறாத மருத்துவமனை கிடையாது, போடாத ஊசி கிடையாது. அவன் ஒரு தடவைகூடப் போய்ச் சோதித்துக்கொள்ளவில்லை. கடைசியில் எங்கள் சொந்த ஊரான பாலோவில், எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் உட்கார்ந்து பேசினோம். அத்தனை பேர் முன்னால் அவன் வாயைத் திறந்து, "பட்ட மரத்துக்கு எத்தன நாள்தான் தண்ணி ஊத்துறது?" என்றான். என் தங்கை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டு இருந்தது. உள்ளே போய்த் தட்டை வைத்துவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் நின்றாள். விவாகரத்து ஆனது. அவன் வேறொருத்தியைக் கட்டினான். அங்கேயும் தொட்டில் ஆடவில்லை. அதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று மனைவி கேட்டாள். நான் அவனைப் பற்றித்தான் சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஏன் ஒவ்வொரு ஞாயிறும் அவன் இருக்கிற வீட்டுக்குப் போனாய் என்று கேட்பீர்கள். அவன் வராமல் நின்றுகொள்வான் என்று நினைத்தேன், அவன் நிற்கவில்லை. அவன் இருக்க நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? அதோடு, அவனை என் கண்ணெதிரே வைத்திருக்க வேண்டும் போலிருந்தது. ஏதாவது ஒரு நாள் கையில் சிக்குவான் அல்லவா. அவனும் நானும் எதிரெதிரே ஆடாதபடி சார்ஜன் பார்த்துக்கொண்டார்.

நான் ஜப்பான்காரன் பக்கத்தைக் கேட்ட ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு ஆட்டம் முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். செருப்பு மாட்டிக்கொண்டே அவன் கேட்டான்.

"மச்சான், இன்னும் அத மனசுல வச்சிருக்கீங்களா? வருஷம் ஆச்சு லா."

எதை என்று அவன் சொல்லவில்லை. எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. நான் பாசிர் கூடாங் ஆலையில் பாய்லர் பார்க்கிறவன். எதைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அடுத்த வாரம் என்கூட ஆடு. நான் ஜெயிச்சா பாலோவுக்கு வந்து, நீ சொன்னது பொய்னு அவகிட்ட சொல்லி மன்னிப்புக் கேக்கணும்."

அவன் ஒரு செருப்போடு நின்றான். "நான் ஜெயிச்சா?"

"நீயே சொல்லு."

"அந்தப் பேச்ச நீங்க இனிமே எடுக்கவே கூடாது. எங்கயும், யார்கிட்டயும். முடிஞ்சது முடிஞ்சதா இருக்கணும்."

"சரி" என்றேன். யோசிக்கவே இல்லை. சார்ஜன்தான் குறுக்கே வந்தார். "என்ன பேச்சு இது? ஆட்டம் ஆட்டமா இருக்கட்டும்யா. இதெல்லாம் வேணாம்." நாங்கள் இரண்டு பேரும் அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் அப்படித் துணிந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவனிடம் ஒரு பழக்கம் உண்டு, அதிலிருக்கிற ஓட்டை எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் சிங்கப்பூரில் ஒரு பெரிய கிடங்கில் மேற்பார்வையாளன். விடியுமுன் பாலம் கடந்து போய் இருட்டிய பிறகு திரும்புகிறவன். அந்தக் கிடங்கில் ஒரு சட்டம் உண்டாம். டீ மணி அடிப்பதற்கு முன்னால் எல்லாத் தூக்குவண்டியும் பாரத்தைத் தரையில் இறக்கிவிட வேண்டும். தூக்கிய பாரத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு ஒருத்தனும் டீ குடிக்கப் போகக்கூடாது. அது அவன் ரத்தத்தில் ஊறிவிட்டது. ஆட்டத்திலும், சார்ஜன் "டீ" என்று குரல் கொடுக்கப்போகிற நேரம் வந்தால், அவன் கம்பியிலிருக்கிற விமானங்களை ஒன்று விடாமல் இறக்கிவிடுவான். பிறகுதான் எழுந்து வருவான். மற்றவர்கள் அவன் மேசை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று புகழ்வார்கள். நான் புகழவில்லை. வருஷக்கணக்காகப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அன்றைய போர் ஜொகூருக்கே வந்த போர். ஜப்பான்காரன் வடக்கே ஓடுதளங்களைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குகிறான். வெள்ளைக்காரன் விமானப்படை ஜொகூரையும் சிங்கப்பூரையும் வைத்துக்கொண்டு தாங்குகிறது. மாலை முடியும்போது ஜொகூர் வானம் யார் கையில் இருக்கிறதோ அவனுக்கு வெற்றி. அவன் பின்னறைக்குப் போனான், நான் ஹாலில் உட்கார்ந்தேன்.

அவனிடம் இருந்த படையை நான் பார்க்காமலே சொல்லுவேன், அத்தனை தடவை நானே அதை ஆடியிருக்கிறேன். சிங்கப்பூரில் தலைமையகம். அதன் கீழே சண்டை விமானப் பிரிவுகள், குண்டுவீச்சுப் பிரிவுகள், வேவு பார்க்கிற பிரிவு, ஒரு பட்டறை. ஜொகூரில் குளுவாங், கஹாங், பத்து பகாட் ஓடுதளங்கள். சண்டைக்குப் பஃபலோ. குட்டையாய்ப் பீப்பாய் மாதிரி இருக்கும், நம் வெயிலில் எண்ணெய் கக்கும், ஏறச் சொன்னால் மூச்சு வாங்கும். குண்டு போட இரட்டை எஞ்சின் பிளென்ஹெய்ம். கப்பலை அடிக்க, துணி போர்த்திய பழைய இரட்டைச் சிறகு விமானங்கள். அவற்றைப் பகலில் அனுப்பினால் பாவம். இவற்றோடு, கப்பலில் பெட்டி பெட்டியாய் வந்திறங்கிய புதுச் சண்டை விமானங்கள், ஹரிகேன்கள். அவற்றைப் பட்டறையில் பூட்டி முடித்தால்தான் பறக்கும். இது மோசமான படைதான். ஆனால் ஒழுங்காக வைத்துக்கொள்கிறவன் கையில் கிடைத்தால் தாங்கும். அவன் ஒழுங்கானவன், அதை ஒத்துக்கொள்கிறேன். கிடங்குக்காரன் அல்லவா, பெட்டி பிரிப்பது அவனுக்குக் கைவந்த வேலை.

முதல் பாதியில் நான் வேண்டுமென்றே அடி வாங்கினேன். குண்டுவீச்சு விமானங்களைக் காவல் இல்லாமல் அனுப்பினேன். சார்ஜன் திரும்பி வந்து, "பாதி வரல" என்பார். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வேன். பின்னறையிலிருந்து அவன் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்கும். ஜெயிக்கும்போது அவன் அப்படித்தான் செருமுவான். செருமு ராசா செருமு என்று நினைத்துக்கொண்டேன். என்னுடைய நல்ல சண்டை விமானங்களை நான் இன்னும் கையில்கூட எடுக்கவில்லை.

சார்ஜன் அடுப்பில் கெட்டிலை வைத்தார். டீக்கு முன்னால் இதுதான் கடைசிச் சுற்று என்று அர்த்தம். என்னிடம் வந்து காதைக் கொடுத்தார். "எல்லாத்தயும் கிளப்புங்க" என்றேன். "பாதிய குளுவாங்குக்கு. மிச்சத்த கஹாங்குக்கும் சிங்கப்பூருக்கும்."

"இப்பவா? டீ ஆவுது."

"இப்பதான்."

அவர் என்னையே பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு. நடுவர் என்பதால் ஒன்றும் சொல்ல முடியாது. பின்னறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் கம்பியிலிருந்து அட்டைகளை உருவுகிற சத்தம் கேட்டது. டிக், டிக் என்று ஒவ்வொன்றாய். என் காதுக்கு அது அவ்வளவு இனிப்பாக இருந்தது.

டீ குடித்தோம். மாவுக்குள் கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் சாப்பிட்டோம். என் விமானங்கள் அத்தனையும் ஹாலில் கம்பியில் நின்றுகொண்டிருந்தன, சார்ஜன் அவற்றின் மேல் ஒரு துணியைப் போர்த்தியிருந்தார். அவன் எனக்கு எதிரே உட்கார்ந்து, கறிபாப்பின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டில் வைத்தான். என் தங்கை சுட்டுக் கொடுத்தாலும் அப்படித்தான் ஓரத்தைப் பிய்த்து வைப்பான். சாப்பிடு, நல்லா சாப்பிடு என்று மனசுக்குள் சொன்னேன்.

டீ முடிந்து முதல் சுற்று. சார்ஜன் பின்னறை வாசலில் நின்றே சத்தமாகச் சொன்னார், எனக்கும் கேட்டது. "லாபிஸ் காவல் சாவடியிலேருந்து போன். எஞ்சின் சத்தம். எத்தனன்னு தெரியல."

உடனே அவரே மறுபடி சொன்னார்.

"பாலோவிலேருந்து போன். நெறைய."

நாற்காலி நகர்ந்தது. அவன் தன் வரைபடத்தைப் பார்த்திருப்பான். குளுவாங்கில் படுத்திருக்கின்றன. கஹாங்கில் படுத்திருக்கின்றன. சிங்கப்பூரில் படுத்திருக்கின்றன. பெட்ரோல் போட இரண்டு சுற்று. வானத்தில் அவனுக்கு ஒரு காக்காய்கூட இல்லை. "எத்தனைய மேல ஏத்துறீங்க?" என்று சார்ஜன் கேட்டார். கேட்டே ஆகவேண்டும், அது விதி.

"ஒண்ணும் இல்ல" என்றான்.

பிறகு நடந்தது போரே இல்லை. கசாப்புக் கடை. குளுவாங்கில் பஃபலோக்கள் வரிசையாய்ப் போயின. அவன் ஆசையாய்ப் பூட்டி முடித்த ஹரிகேன்கள் ஒரு தடவைகூடச் சுடாமல் போயின. சார்ஜன் அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கிப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டார். எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன், பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியபோதுகூட எனக்கு அப்படிக் குளிர்ந்ததில்லை.

அவன் ஹாலுக்கு வந்து என் வரைபடத்தைப் பார்த்தான். "டீக்கு முன்னாடியே கிளம்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். "சனிக்கிழம வரேன்" என்றான். அவ்வளவுதான். சண்டை போடுவான், சாக்குச் சொல்லுவான் என்று எதிர்பார்த்திருந்தேன். ஏமாற்றமாக இருந்தது.

சனிக்கிழமை என் காரில்தான் போனோம். தனியாக வரச் சொன்னால் நழுவிவிடுவான் என்று நான்தான் அவனை ஏற்றிக்கொண்டேன். அந்தப் பயணத்தை நான் அனுபவித்தேன். கைதியை அழைத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. தங்கைக்கு நான் சொல்லவில்லை. கேட்டைத் திறந்து அவனைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி மாறும் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே ஓட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து அண்ணன் கொண்டுவந்து நிறுத்திவிட்டான் என்று அழுவாள்.

பாலோவில் அவள் எங்கள் பழைய வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் நடத்துகிறாள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டு மாலையில் எடுத்துக்கொண்டு போவார்கள். மலாய்க்காரப் பிள்ளை, சீனப் பிள்ளை, நம் பிள்ளை எல்லாம் அவளை அம்மா என்றுதான் கூப்பிடும். நாங்கள் போனது பிள்ளைகள் தூங்குகிற நேரம். அவன் அன்றைக்கு வாயைத் திறந்த அதே ஹாலில், பாய் பாயாய்ப் பிள்ளைகள் படுத்திருந்தன.

அவள் அவனைப் பார்த்தாள். முகம் மாறவில்லை. "மெதுவா வாங்க, புள்ளைங்க தூங்குது" என்று சொல்லிச் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். உட்காரச் சொல்லவில்லை.

நான் அவனைப் பார்த்தேன். ஆரம்பி என்று கண்ணால் சொன்னேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கிசுகிசுவென்று பேசினான். "அன்னிக்கி நான் சொன்னது பொய். குறை என்கிட்டதான். எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு. பயந்துகிட்டு உன் தலையில போட்டேன். மன்னிச்சிரு."

இதைக் கேட்கத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். கத்திச் சொல்ல வேண்டியதை இவன் கிசுகிசுக்கிறானே என்று எனக்கு ஆத்திரம். ஊரைக் கூட்டிச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும்.

அவள் அடுப்பிலிருந்த கஞ்சியைக் கிண்டினாள். "இன்னிக்கி ஏன் வந்தீங்க?" என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். பொய் சொல்லியிருக்கலாம். மனசு கேக்கல, அது இது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து அவனுக்கு உண்மை பேசத் தோன்றிவிட்டது. "ஆட்டத்துல தோத்துட்டேன். அண்ணன் ஜெயிச்சா நான் வந்து கேக்கணும்னு பேச்சு."

"என்ன ஆட்டம்?"

"விமான ஆட்டம்" என்றேன் நான். சொல்லும்போதே வாய் கசந்தது.

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். அவனை விட்டுவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். "என்னை வச்சா அண்ணே ஆடினீங்க?"

"அப்படி இல்லம்மா. உனக்காகத்தான்..."

"நீங்க தோத்திருந்தா?"

அவன்தான் பதில் சொன்னான், அதே கிசுகிசுப்பில். "அந்தப் பேச்ச இனிமே எடுக்கக்கூடாதுன்னு சொல்லிருந்தேன்."

"சரின்னீங்களா?" என்று அவள் என்னைக் கேட்டாள். நான் தலையாட்டினேன். பிள்ளைகளில் ஒன்று ஹாலில் புரண்டு முனகியது. அவள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"அப்ப நீங்க தோத்திருந்தா எனக்கு நடந்தது நடக்காததா ஆயிருக்கும். ஒரு பேச்சு என்னைக் கேட்டீங்களா? இவரு அன்னிக்கி என்னைக் கேக்காம நாலு பேர் முன்னாடி பேசினாரு. நீங்க இன்னிக்கி என்னைக் கேக்காம ரெண்டு பேருக்குள்ள பேசி முடிச்சிட்டீங்க. வாராவாரம் இவருகூட உக்காந்து டீ குடிச்சிட்டு, எனக்காகன்னு சொல்றீங்க."

பிறகு அவனைப் பார்த்தாள். "நான் மன்னிக்கல. ஆட்டத்துல தோத்து வந்து கேக்குற மன்னிப்பு எனக்கு வேணாம். கெளம்புங்க, ரெண்டு பேரும். கேட்ட மெதுவா சாத்துங்க."

ரெண்டு பேரும் என்றாள். இவனையும் என்னையும் ஒரே வாயால். வாசலில் செருப்பைத் தேடி மாட்டினேன். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

அவன் காரில் ஏறி உட்கார்ந்தான். வேறு வழி இல்லை, அவனை ஜொகூர் பாரு வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட வேண்டும். நடுவழியில் இறக்கிவிட்டால் என்ன என்று நூறு தடவை தோன்றியது. இறக்கிவிட்டால் யார்மேல் கோபம் என்று எனக்கே தெளிவாக இல்லாததால் ஓட்டிக்கொண்டே இருந்தேன். குளுவாங் தாண்டியதும் அவன் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினான்.

"என்னை அவங்க மன்னிக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும் மச்சான்."

நான் முன்னால் போன லாரியை முந்தினேன்.

"உங்கள மன்னிப்பாங்களா?"